சூப்பர்பைக் பராமரிப்புச் செலவு

சூப்பர்பைக் பராமரிப்புச் செலவு என்பது உயர்திறன் கொண்ட விளையாட்டு வகை மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிய பின், அதைப் பாதுகாப்பாக ஓடும் நிலையில் வைத்திருக்க உரிமையாளர் தொடர்ந்து செய்யும் செலவுகளின் தொகுப்பு ஆகும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்யும் சர்வீஸ், டயர், பிரேக், செயின் போன்ற தேய்மானப் பொருட்கள், எரிபொருள், காப்பீடு, இறக்குமதி உதிரிபாகங்கள், பழுதான வண்டியைப் பணிமனைக்குக் கொண்டு செல்லும் செலவு ஆகியவை இதில் அடங்கும். இந்தியாவில் இத்தகைய வண்டிகளின் விலை அவற்றின் மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே. பழைய வண்டி வாங்குவோர் விலைக் குறைவை மட்டும் பார்த்து முடிவு செய்வதால், சில ஆண்டுகளில் வண்டியை ஓட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் சிக்கிக் கொள்வது உண்டு.

தமிழ்நாட்டில் சென்னை, பெங்களூரு ஆகிய இரு பெருநகரங்களிலிருந்தும் வார இறுதியில் ஓட்டிச் செல்லத்தக்க தொலைவில் உள்ள ஜவ்வாது மலை, ஏலகிரி போன்ற மலைச் சாலைகள் இத்தகைய வண்டிகளை வைத்திருப்போருக்கு விருப்பமான இடங்கள். மலைச் சாலைப் பயணம் டயர், பிரேக், செயின் ஆகியவற்றின் தேய்மானத்தைக் கூட்டுகிறது. பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் நேரும் ஆபத்தும் அங்கேதான் முதலில் வெளிப்படுகிறது.

வரையறை

சூப்பர்பைக் என்ற சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை. வழக்கில் 600 சிசி அல்லது அதற்கு மேற்பட்ட எஞ்சின், முழு ஃபேரிங், பந்தயக் களத்திலிருந்து வந்த தொழில்நுட்பம் ஆகியவை கொண்ட வண்டிகளை இச்சொல் குறிக்கிறது. டுகாட்டி பனிகாலே, யமஹா ஆர்1, சுசுகி ஹயபுசா, கவாசாகி நிஞ்சா இசட்எக்ஸ்-10ஆர், ஹோண்டா சிபிஆர்1000ஆர்ஆர், பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர், அப்ரிலியா ஆர்எஸ்வி4, எம்வி அகஸ்டா எஃப்4 போன்றவை இவ்வகையில் அடங்கும். இவற்றுள் எண்ணிக்கையில் குறைவாக உற்பத்தியாகி, விற்பனை மையங்களும் குறைவாக உள்ள இத்தாலிய, பிரித்தானிய வண்டிகள் பராமரிப்புச் செலவில் தனி வகையாகக் கருதப்படுகின்றன.

இந்தியாவில் வரலாறு

ராஜ்தூத் 350

இந்தியாவில் பராமரிப்புச் செலவு ஒரு விளையாட்டு மோட்டார் சைக்கிளின் தலைவிதியை முடிவு செய்ததற்கு முதல் பெரிய எடுத்துக்காட்டு ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி350 வண்டியை உரிமம் பெற்று எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தியாவில் தயாரித்தது. 347 சிசி திறனும் இரண்டு சிலிண்டர்களும் கொண்ட இரு வீச்சு எஞ்சின், 6 கியர் ஆகியவற்றுடன் அன்றைய இந்தியச் சாலைகளில் இதற்கு இணையான வேகம் கொண்ட வண்டி இல்லை. முதலில் வந்த வகை 30.5 குதிரைத்திறன் கொண்டது. எரிபொருள் சிக்கனத்துக்காகத் திறன் குறைக்கப்பட்டுப் பின்னர் வந்த வகை 27 குதிரைத்திறன் கொண்டது. செலவைக் குறைப்பதற்காக ஜப்பானிய மூல வண்டியில் இருந்த முன்சக்கர டிஸ்க் பிரேக் நீக்கப்பட்டு டிரம் பிரேக் பொருத்தப்பட்டது.

வண்டி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. எரிபொருள் செலவு மிகுதி, உதிரிபாகங்களின் விலை, இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைச் சரியாக ஒத்திசைக்கத் தெரிந்த மெக்கானிக்குகளின் பற்றாக்குறை ஆகியவை இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. இதே காலத்தில் ஓசூரில் தயாரான இண்ட்-சுசுகி ஏஎக்ஸ்100 (1984), ஹீரோ ஹோண்டா சிடி100 (1985), யமஹா ஆர்எக்ஸ்100 (1985) ஆகிய 100 சிசி வண்டிகள் சந்தைக்கு வந்தன. குறைந்த பெட்ரோலில் ஓடும், அடிக்கடி பணிமனைக்குப் போக வேண்டாம் என்பதே அவற்றுள் ஹீரோ ஹோண்டா வண்டியின் விளம்பரத்தின் சாரமாக இருந்தது. ராஜ்தூத் 350 உற்பத்தி அந்தப் பத்தாண்டின் முடிவோடு நின்றது. இன்று அது சேகரிப்பாளர்கள் தேடும் வண்டி. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆனதால் பிஸ்டன், கிராங்க் ஷாஃப்ட் போன்ற மூல உதிரிபாகங்களைத் தேடிப் பிடிக்கும் செலவு, அன்று அந்த வண்டியை வாங்கிய விலையையே மிஞ்சிவிடுகிறது.

இறக்குமதி வண்டிகள்

2007ஆம் ஆண்டின் இறுதியில் யமஹா நிறுவனம் ஆர்1 வண்டியை இந்தியாவில் முறைப்படி விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சுசுகி ஹயபுசாவும் டுகாட்டி வண்டிகளும் வந்தன. 2004இல் வெளியான இந்தித் திரைப்படமான தூம், ஹயபுசாவின் பெயரை அதற்கு முன்னரே நாடெங்கும் பரப்பியிருந்தது. ஹார்லி-டேவிட்சன் 2010இலும் டிரையம்ப் 2013இலும் விற்பனையைத் தொடங்கின. 2016 முதல் ஹயபுசா, பாகங்களாக இறக்குமதி செய்யப்பட்டு ஹரியானாவின் மானேசரில் பூட்டப்பட்டது.

நிறுவனங்களின் வருகையும் விலகலும்

வெளிநாட்டு நிறுவனம் நாட்டைவிட்டு விலகுவதும் உள்நாட்டுக் கூட்டாளி நொடித்துப்போவதும் உரிமையாளரின் பராமரிப்புச் செலவை நேரடியாகப் பாதிக்கின்றன. இத்தாலிய பெனெல்லி வண்டிகளை இந்தியாவில் விற்றுவந்த டிஎஸ்கே குழுமம் 2018இல் நிதி நெருக்கடியில் சிக்கியதால், அவ்வாண்டே ஐதராபாத்தைச் சேர்ந்த மகாவீர் குழுமம் புதிய கூட்டாளி ஆனது. ஹார்லி-டேவிட்சன் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப்புடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் உதிரிபாக விற்பனையும் சர்வீசும் தொடர்ந்தன.

பிரித்தானியாவின் நார்ட்டன் நிறுவனம் 2020 ஜனவரியில் திவால் நிர்வாகத்தின்கீழ் சென்றது. முன்பணம் செலுத்தி வண்டி கிடைக்காமல் பலர் காத்திருந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 1.6 கோடி பவுண்டுக்கு நார்ட்டனை வாங்கியது. அரிய வண்டியை வாங்கும்போது அந்த வண்டியோடு, அதைச் செய்த நிறுவனத்தின் நிதி நிலைமையையும் சேர்த்தே வாங்குவதாகக் கொள்ள வேண்டும் என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

செலவின் கூறுகள்

வால்வு இடைவெளிச் சரிபார்ப்பு

சூப்பர்பைக் பராமரிப்பில் மிகப் பெரிய தனிச் செலவு பெரும்பாலும் வால்வு இடைவெளிச் சரிபார்ப்பு ஆகும். எஞ்சின் ஓட ஓட வால்வும் அது அமரும் இருக்கையும் தேய்வதால், கேம்ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் இடையிலான நுண்ணிய இடைவெளி மாறுகிறது. இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுமையாக மூடாது. வெப்பம் வெளியேற வழியின்றி வால்வு எரிந்துபோகும்.

சிறிய வண்டிகளில் இந்த இடைவெளியைத் திருகு மூலம் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். அதிவேக எஞ்சின்களில் ஷிம் எனப்படும் மெல்லிய உலோக வில்லைகளை மாற்றியே சரிசெய்ய வேண்டும். அதற்கு ஃபேரிங், பெட்ரோல் டேங்க், காற்று வடிகட்டிப் பெட்டி, சில வண்டிகளில் ரேடியேட்டர் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும்; பின்னர் கேம்ஷாஃப்டையும் எடுக்க வேண்டும். வில்லையின் விலை சொற்பம். செலவு முழுவதும் மெக்கானிக்கின் மணிக்கணக்கான உழைப்புக்கே.

டுகாட்டியின் டெஸ்மோட்ரோமிக் முறையில் இந்த வேலை இரட்டிப்பாகிறது. மற்ற எஞ்சின்களில் வால்வைக் கேம் திறக்கும், சுருள்வில் மூடும். டெஸ்மோ முறையில் மூடுவதற்கும் தனிக் கேமும் நெம்புகோலும் உண்டு. பொறியாளர் ஃபாபியோ டாலியோனி 1956இல் இம்முறையை டுகாட்டியின் பந்தய வண்டியில் பயன்படுத்தினார். 1968இல் சாலை வண்டிக்கும் அது வந்தது. ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் இடைவெளி, மூடும் இடைவெளி என இரண்டை அளக்க வேண்டும். எனவே நான்கு சிலிண்டரும் 16 வால்வும் கொண்ட பனிகாலே வி4 எஞ்சினில் 32 இடைவெளிகளைச் சரிபார்க்க வேண்டியுள்ளது. இதற்கு நிறுவனம் வகுத்த காலம் 24,000 கிலோமீட்டர். கேம்ஷாஃப்டை ரப்பர் பெல்ட்டால் இயக்கும் பழைய டுகாட்டி எஞ்சின்களில், வண்டி ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றியாக வேண்டும். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சின் பாழாகும்.

ஜப்பானிய வண்டிகளிலும் இந்தச் சரிபார்ப்பு உண்டு. சுசுகி ஹயபுசாவுக்கு 24,000 கிலோமீட்டரும் யமஹா ஆர்1 வண்டிக்கு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டரும் இடைவெளியாக உள்ளன. பராமரிப்புச் செலவு பற்றிய வாடிக்கையாளர் தயக்கத்தை டுகாட்டியும் உணர்ந்துள்ளது. 2020இல் அறிமுகமான மல்டிஸ்ட்ராடா வி4 வண்டியில் டெஸ்மோ முறையைக் கைவிட்டு, வழக்கமான சுருள்வில் வால்வுகளைப் பொருத்தி, சரிபார்ப்பு இடைவெளியை 60,000 கிலோமீட்டராக உயர்த்தியது.

டயர்

விளையாட்டு வண்டிகளின் டயர்கள் சாலையை இறுகப் பற்றுவதற்காக மென்மையான ரப்பர் கலவையால் ஆனவை. பிடிப்பும் ஆயுளும் எதிரெதிரானவை என்பதால், 100 சிசி வண்டியின் டயர் பல ஆண்டுகள் உழைக்கும்போது, சூப்பர்பைக்கின் பின்சக்கர டயர் 5,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடுவது இயல்பு. 190, 200 மில்லிமீட்டர் அகலமுள்ள இந்த டயர்களில் பெரும்பாலானவை இறக்குமதி ஆகின்றன. 2020 ஜூனில் இந்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பிரிவில் சேர்த்ததால் இவற்றின் தட்டுப்பாடும் விலையும் கூடின. எம்ஆர்எஃப், அப்போலோ, சியட் முதலிய இந்திய நிறுவனங்களின் டயர்கள் நடுத்தர வண்டிகளுக்குப் பரவலாகக் கிடைக்கின்றன. பெரிய வண்டிகளுக்குத் தெரிவு குறைவு.

தேயாத டயரும் காலாவதி ஆகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கிறது. எடுத்துக்காட்டாக, 2319 என்பது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். குறைவாக ஓடிய பழைய வண்டியில் டயர் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கக்கூடும்.

பிரேக்கும் பிரேக் எண்ணெயும்

இரண்டு முன் டிஸ்க்குகள், அவற்றுக்கான பேடுகள், ஏபிஎஸ் அமைப்பு ஆகியவை கொண்ட இவ்வண்டிகளில் பேடு மாற்றும் செலவு ஒற்றை டிஸ்க் வண்டியைவிட இரு மடங்குக்கும் மேல். ஆனால் அதிகம் புறக்கணிக்கப்படுவது பிரேக் எண்ணெயே. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்கும். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. இதனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றும்படி பெரும்பாலான நிறுவனங்கள் கூறுகின்றன. இது சிறிய செலவே.

எஞ்சின் எண்ணெய், செயின், பிற

ஒரு முறைக்கு 3 முதல் 4 லிட்டர் முழுச் செயற்கை எண்ணெய், வடிகட்டி, குளிர்விப்பு நீர்மம், தீப்பொறிச் செருகிகள் ஆகியவை ஆண்டுச் சர்வீசின் அடிப்படை. ஓடிய தொலைவு குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். செயினும் பற்சக்கரங்களும் ஒரு தொகுப்பாகவே மாற்றப்படும். 150 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினின் இழுவிசை முழுவதையும் தாங்குவதால், சுத்தம் செய்து எண்ணெய் இடாவிட்டால் அவை விரைவில் கெடும். நீண்ட நாள் நிற்கும் வண்டிகளில் பேட்டரி இறந்துபோவதும் அடிக்கடி நேர்வது.

எரிபொருள்

அதிக அமுக்க விகிதம் கொண்ட இந்த எஞ்சின்களுக்கு 95 அல்லது அதற்கு மேற்பட்ட ஆக்டேன் எண் கொண்ட பெட்ரோல் பரிந்துரைக்கப்படுகிறது. மேலும், இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. அதற்கேற்ப வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்கள், அடைப்பு வளையங்கள் ஆகியவற்றை அவ்வப்போது சோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைத்தால் எத்தனால் ஈரத்தை ஈர்த்து எரிபொருள் அமைப்பைக் கெடுக்கும்.

வரியும் காப்பீடும்

முழு வண்டியாக இறக்குமதி ஆகும் மோட்டார் சைக்கிள்களுக்கான சுங்கவரி 2018இல் ஒரே சீராக 50 விழுக்காடாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அது 1600 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 40 விழுக்காடாகவும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடாக உயர்ந்தது. அதே நாளில் வாகன உதிரிபாகங்களுக்கான வரி ஒரே சீராக 18 விழுக்காடு ஆனது பராமரிப்புச் செலவுக்குச் சாதகமானது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட விகிதப்படி, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு வாழ்நாள் வரி 12 விழுக்காடு.

மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட விகிதப்படி, 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஆண்டுக்கு 2,804 ரூபாய். இது பெரிய தொகை அன்று. வண்டியின் சேதத்துக்கான சொந்தச் சேதக் காப்பீடே வண்டி மதிப்புக்கு ஏற்ப உயர்கிறது. வழக்கமான காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகை மட்டுமே கிடைக்கும். ஃபேரிங் முழுவதும் பிளாஸ்டிக் என்பதால், நின்றபடி கீழே சாய்ந்த வண்டிக்குக்கூட உரிமையாளர் கைப்பணம் போட வேண்டிவரும். தேய்மானக் கழிவு இல்லாத காப்பீட்டுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. பழைய வண்டிகளுக்கு அது கிடைக்காமலும் போகலாம்.

கிலோமீட்டர் கணக்கு

செலவை ஒப்பிட எளிய வழி, ஒவ்வொரு செலவையும் அது தாங்கும் தொலைவால் வகுத்துக் கிலோமீட்டருக்கு இவ்வளவு எனக் காண்பது. பின்வரும் கணக்கு முறையை விளக்குவதற்கான கற்பனை எடுத்துக்காட்டு. வாங்க நினைக்கும் வண்டிக்கு உரிய உண்மையான தொகைகளைப் பணிமனையில் கேட்டு இதில் இட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவரின் செலவு எனக் கொள்க.

• டயர் இணை: 36,000 ரூபாய், 8,000 கி.மீ. – கிலோமீட்டருக்கு 4.50 ரூபாய்
• செயின் தொகுப்பு: 18,000 ரூபாய், 20,000 கி.மீ. – 0.90 ரூபாய்
• ஆண்டுச் சர்வீஸ்: 12,000 ரூபாய், 6,000 கி.மீ. – 2.00 ரூபாய்
• வால்வுச் சர்வீஸ்: 60,000 ரூபாய், 24,000 கி.மீ. – 2.50 ரூபாய்
• பிரேக் பேடுகள்: 16,000 ரூபாய், 16,000 கி.மீ. – 1.00 ரூபாய்
• பெட்ரோல்: லிட்டர் 102 ரூபாய், லிட்டருக்கு 17 கி.மீ. – 6.00 ரூபாய்
• காப்பீடு: ஆண்டுக்கு 40,000 ரூபாய் – 6.67 ரூபாய்

மொத்தம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 23.57 ரூபாய், ஆண்டுக்கு 1,41,400 ரூபாய். இதில் பெட்ரோல் 36,000 ரூபாய் மட்டுமே. மைலேஜ் மட்டும் கேட்டு வண்டி வாங்கும் பழக்கம் இவ்வகை வண்டிகளுக்குப் பொருந்தாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

அதே வண்டியை ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைவதில்லை. காப்பீட்டுக்கான 40,000 ரூபாயும் ஆண்டுச் சர்வீசுக்கான 12,000 ரூபாயும் அப்படியே நிற்கும். மற்றவை குறைந்தாலும் மொத்தம் 81,800 ரூபாய் ஆகிறது. அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 41 ரூபாய். எப்போதாவது ஓட்டுவதால் செலவு குறைவு என்று கருதி வாங்குவோர் கவனிக்க வேண்டிய கூறு இது. கடன் தவணையும் மறுவிற்பனை மதிப்பின் வீழ்ச்சியும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மலைச் சாலைப் பயன்பாடு: ஜவ்வாது மலை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்துள்ளது. இதன் முதன்மை ஊர் ஜமுனாமரத்தூர். போளூர் வழியாகவும், வாணியம்பாடி அருகிலுள்ள ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும், வேலூரிலிருந்து அமிர்தி வழியாகவும் இங்கு செல்லலாம். 1986இல் நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் காவலூரில் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஜமுனாமரத்தூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு.

இந்தத் தொலைவே சூப்பர்பைக் உரிமையாளருக்கு முதல் கணக்கு. உயர்ரக வண்டிகளுக்கான அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகள் பெருநகரங்களிலேயே உள்ளன. மலையில் பழுதானால், கணினிக் கருவி இல்லாமல் உள்ளூர் மெக்கானிக் செய்யக்கூடியது மிகக் குறைவு. சிறிய சரக்கு வண்டி பிடித்து, வண்டியைப் பட்டையால் கட்டி நகருக்குக் கொண்டு செல்வதே வழி. சாலை உதவிச் சேவையில் எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பதைப் பயணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்வது பயன்தரும்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது குறைந்த கியரில் மெதுவாகச் செல்வதால் எஞ்சின் வெப்பம் உயர்ந்து குளிர்விப்பு அமைப்பின் வேலை கூடுகிறது. இறங்கும்போது சுமை பிரேக்குகளுக்கு மாறுகிறது. ஈரமேறிய பழைய பிரேக் எண்ணெய் தொடர் பிரேக்கின் வெப்பத்தில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், நெம்புகோல் கைப்பிடிவரை வந்தும் வண்டி நிற்காது. சில நூறு ரூபாய் எண்ணெயைத் தள்ளிப்போட்டதன் விலை அந்த வளைவில் தெரியும். கியரைக் குறைத்து எஞ்சின் தடையைப் பயன்படுத்தி இறங்குவது பிரேக்கின் வெப்பத்தைக் குறைக்கும்.

விளையாட்டு வண்டிகளின் அடிப்பகுதி தரைக்கு நெருக்கமானது. ஊர்களின் வேகத்தடைகளில் ஃபேரிங்கின் கீழ்ப்பகுதியும் புகைப்போக்கியும் உரசுவது உண்டு. தமிழக ஊர்ச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் தானியம் உலர்த்துவதும் கால்நடைகள் குறுக்கிடுவதும் வழக்கம். ஜவ்வாது மலையில் சாமை முக்கியப் பயிர். சாலையில் பரப்பிய தானியத்தின்மீது அகன்ற டயர் எளிதில் வழுக்கும். உழவரின் விளைச்சலும் வீணாகும். மலைக் கிராமச் சாலைகள் அங்கு வாழும் மக்களின் அன்றாடப் பாதைகள் என்பதால், உயர்வேகத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு அவை உரிய இடம் அன்று. திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னை மோட்டார் பந்தயத் தடமே அதற்கு ஏற்றது. தட ஓட்டமும் டயர், பிரேக் பேடு ஆகியவற்றை விரைவாகத் தேய்க்கும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குதல்

இந்தியச் சந்தையில் சூப்பர்பைக்குகளின் மறுவிற்பனை விலை வேகமாக வீழ்கிறது. காப்பீட்டுக்கான மதிப்பீட்டில்கூட ஐந்து ஆண்டு நெருங்கிய வண்டி பாதி மதிப்பை இழக்கிறது. இதனால் பழைய சூப்பர்பைக் ஒன்று புதிய நடுத்தர வண்டியின் விலைக்குக் கிடைக்கும். விலை பாதியானாலும் அதன் டயர், பேடு, சர்வீஸ் ஆகியவற்றின் விலை பாதியாவதில்லை. முந்தைய உரிமையாளர் விற்க முடிவு செய்யும் காலம் பெரும்பாலும் பெரிய சர்வீஸ் நெருங்கும் காலமாகவும் இருக்கும். எனவே வாங்குமுன் பின்வருவன சரிபார்க்கப்படுகின்றன.

• சர்வீஸ் பதிவேடு: வால்வுச் சர்வீஸ், பெல்ட் மாற்றம் ஆகியவற்றுக்குப் பணிமனை ரசீது உண்டா என்பது. ரசீது இல்லாவிட்டால் அது செய்யப்படவில்லை என்றே கொண்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேச வேண்டும்.
• டயரின் தேதி எண், டிஸ்க்கின் தடிமன், செயின் தளர்ச்சி, முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு.
• நெம்புகோல் முனை, கைப்பிடி ஓரம், கால்மிதி, எஞ்சின் மூடி ஆகியவற்றில் உரசல். இவை கீழே விழுந்த வண்டியின் அடையாளங்கள்.
• குளிர்ந்த நிலையில் எஞ்சின் இயக்கம். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் தொடக்கக் கோளாறுகள் மறைந்துவிடும்.
• சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு பொருந்துதல். பாகங்களாகக் கடத்தி வந்து போலி ஆவணங்களோடு பதிவான வண்டிகள் வருவாய் நுண்ணறிவுத் துறையினரால் பறிமுதல் செய்யப்பட்டது உண்டு. தனியாக இறக்குமதி ஆன வண்டிக்குச் சுங்க ஆவணத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.
• கடன் பாக்கி. பதிவுச் சான்றிதழில் அடமானக் குறிப்பு இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்று தேவை.
• வெளிமாநிலப் பதிவு. பெங்களூரில் பதிவான வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி மறுபதிவு செய்ய வேண்டும். இங்கு வரி மீண்டும் கட்ட வேண்டும்.

வாங்கும் தொகையோடு, முதல் ஆண்டுக்கான டயர், பெரிய சர்வீஸ், காப்பீடு ஆகியவற்றுக்கான பணம் தனியாகக் கையில் இருந்தால் மட்டுமே வாங்குவது பாதுகாப்பான முறை. தவணைக்கே வருமானம் சரியாகப் போகும் நிலையில் வாங்கினால், முதலில் வெட்டப்படுவது டயரும் பிரேக்கும் ஆகிவிடும்.

மாற்று வழிகள்

உள்நாட்டில் தயாராகும் நடுத்தர விளையாட்டு வண்டிகள் இச்செலவைப் பெருமளவு குறைக்கின்றன. பிஎம்டபிள்யூவுடன் 2013இல் செய்த ஒப்பந்தத்தின் விளைவாக டிவிஎஸ் நிறுவனம் ஓசூரில் உருவாக்கிய அப்பாச்சி ஆர்ஆர்310 (2017), பஜாஜ் தயாரிக்கும் கேடிஎம் ஆர்சி390 (2014), பாராமதியில் தயாராகும் அப்ரிலியா ஆர்எஸ்457 (2023) ஆகியவை முழு ஃபேரிங் கொண்டவை. சென்னைக்கு அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் 2018இல் வந்தன. அவற்றில் வால்வு இடைவெளியைத் திருகு மூலமே சரிசெய்யலாம். இவ்வண்டிகளுக்கான பணிமனைகள் வேலூர், திருவண்ணாமலை போன்ற மாவட்டத் தலைநகரங்களிலும் பரவியுள்ளதால், மலையடிவாரத்தில் பழுதாகி நிற்கும் வண்டி அன்றே சரியாக வாய்ப்பு அதிகம்.